வைத்தியக் கல்வியில் விடுபட்ட பாதி

நூம்பல் என்னும் ஊரை நமது நேயர்களிற் பலர் அறிந்திரார். சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லி நெடுஞ்சாலையில், வேலப்பன்சாவடியை ஒட்டி அமைந்தது அது. பத்திரிகைகளில் பெயர் அடிபடும் ஊரன்று. ஆயினும் வைத்தியக் கல்வியைப்பற்றி யோசிக்க விரும்புவோர்க்கு அதனினும் பொருத்தமான இடம் கிடைப்பதரிது. வேலப்பன்சாவடியில் 1988-ல் தோன்றிய சவீதா பல் மருத்துவக் கல்லூரியும், 2008-ல் தோன்றிய ஏ.சி.எஸ். மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. போரூரில் 1985-ல் ஏற்பட்ட ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பூந்தமல்லியில் சர்க்காரின் பொதுச் சுகாதாரப் பயிற்சி நிலையம் இருக்கிறது. வைத்தியர்களை ஆக்கும் ஸ்தாபனங்கள் இத்தனை சூழ்ந்த ஊர் நம் நாட்டில் அதிகம் இரா.

இவ்வூரில் ஒரு கிழவி நோயுற்று ஆஸ்பத்திரிக்குப் போவதாக நேயர்கள் மனத்திற் கொள்க. “உடம்பெல்லாம் சூடு பிடிச்சிருக்கு, அடிவயித்துல ஒரே கடுப்பா இருக்கு” என்கிறாள் அவள். எதிரே அமர்ந்த இளம் டாக்டர் நல்லவர். பரீட்சைகளில் முதல் வகுப்பில் தேறியவர். “காய்ச்சல் எத்தனை நாளா இருக்கு, பாட்டி?” என்று கேட்கிறார். பாட்டி காய்ச்சலைப்பற்றிப் பேசவேயில்லை. நீர் கழிக்கும்போது உண்டாகும் எரிச்சலை, பேரன் வயதுள்ள ஆண்பிள்ளை முன் நேர்ச்சொல்லாற் கூற நாணி, நம் பெண்டிர் வழிவழியாகச் சொல்லிவரும் “சூடு” என்ற சொல்லைச் சொன்னாள். டாக்டரும் தமிழர், பாட்டியும் தமிழச்சி. இருவருக்குமிடையே ஒரு சமுத்திரம் கிடக்கிறது. காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு அவள் வீடு திரும்புகிறாள்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இத்தகைய காட்சியைத் தம் வீட்டில் காணாத நேயர் ஒருவரேனும் உண்டோ? குற்றம் அந்த டாக்டருடையது அன்று. உடலின் ஒவ்வோர் எலும்புக்கும் நரம்புக்கும் உரிய பெயரை அவருக்குக் கற்பித்தோம். அவ்வுடலுக்கு உரியவள் தன் வேதனையை எப்படிச் சொல்வாள், எதைச் சொல்லமாட்டாள், ஏன் மறைப்பாள் என்பதைக் கற்பிக்க நாம் யாரையும் நியமிக்கவில்லை.

வள்ளுவர் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதன் கடைசிக் குறளில் வைத்தியத்தை நான்கு கூறாகப் பிரித்தார்: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவன். நோயுற்றவனையே அவர் முதலில் வைத்தார் என்பது கவனிக்கத் தக்கது. இன்றைய கலாசாலைகளில் மூன்றாங்கூறு முழுமையாகவும் இரண்டாங்கூறு ஒருவாறும் போதிக்கப்படுகின்றன. முதற்கூறும் நான்காங்கூறும் பாடத்திட்டத்திற்கு வெளியே நிற்கின்றன. வைத்தியத்திற் பாதி விடுபட்டுப்போயிற்று என்று நாம் சொல்வது இதனாலேயே.

விடுபட்ட இந்தப் பாதியை இலக்கியம், சரித்திரம், தத்துவம், சட்டம், சமூக சாஸ்திரம் முதலியவற்றின் துணைகொண்டு ஆராயும் ஒரு படிப்பு உலகில் வளர்ந்திருக்கிறது. அதனைச் சுகாதார மானிடக் கலைகள் என்று தமிழிற் கூறலாம். அமெரிக்காவில் பென்ஸில்வேனியா ஸ்டேட் சர்வகலாசாலையின் வைத்தியக் கல்லூரி 1967-லேயே இதற்கெனத் தனித்துறை ஏற்படுத்தியது. நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ரீட்டா சாரன் என்ற அம்மையார், டாக்டராகத் தொழில் நடத்திக்கொண்டே இங்கிலீஷ் இலக்கியத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். நோயாளி சொல்லும் கதையைக் கேட்கவும் எழுதவும் டாக்டர்களைப் பழக்கும் ஒரு பயிற்சியை 2000-ல் தொடங்கினார். நமது சென்னை மருத்துவக் கல்லூரியிற் படித்துத் தேறிய ஆபிரகாம் வர்கீஸ், அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்துவந்த காலத்தில், அயோவா சர்வகலாசாலைக்குச் சென்று மாணாக்கராக அமர்ந்து எழுத்துக் கலை பயின்றார். அந்நோயாளிகளின் வாழ்க்கையை 1994-ல் நூலாக வெளியிட்டார். டாக்டர் இலக்கியம் படிப்பது பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இவர்கள் சரித்திரத்தை அறிய வேண்டும்.

ஆனால் இது மேல்நாட்டிலிருந்து இறக்குமதியாகும் சரக்கு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தஞ்சையில் சித்த வைத்தியராய்ப் பெயர்பெற்ற ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலை வெளியிட்டுத் தமிழிசை ஆராய்ச்சிக்கு அடிகோலினார். மருந்தரைத்த கையே சுருதிகளையும் கணக்கிட்டது. வைத்தியமும் கலையும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்த நாடு இது.

தமிழ் மக்களிடையே இன்னும் நேரான உதாரணம் ஒன்று யாழ்ப்பாணத்தில் உண்டு. சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க டாக்டர் 1847-ல் இலங்கைக்கு வந்தார். மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி, தமிழ் இளைஞர்க்கு மேல்நாட்டு வைத்தியம் பயிற்றினார். முதலில் இங்கிலீஷில் போதித்தார். பின்னர், தாம் பயிற்றும் வைத்தியர் கிராமத்து ஜனங்களோடு கிராமத்திலேயே வாழ வேண்டுமானால் அவர்கள் பாஷையிலேயே கற்க வேண்டும் என்று கண்டு, 1864 முதல் தமிழிலேயே போதிக்கத் தலைப்பட்டார். புத்தகம் இல்லையே என்று அவர் சும்மா இருக்கவில்லை. மாணாக்கர் துணையுடன் ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலான நூல்களைத் தமிழில் ஆக்கினார், கலைச்சொற்களைத் தொகுத்தார். அவரிடம் பயின்று வெளிவந்தோர் அறுபதுக்கு மேற்பட்டவர். அவர் பாதிரி ஸ்தாபனத்தின் ஊழியர்; மத பிரசாரமும் அவரது நோக்கங்களில் ஒன்றென்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அன்னிய தேசத்தார் ஒருவர் நமது பாஷையைக் கற்று, நோயாளியின் வாய்ச்சொல்லிலிருந்து வைத்தியத்தைத் தொடங்கினார். நமது தேசத்திலேயே பிறந்து வளர்ந்த நாம், நூற்றைம்பது வருஷங்கள் கழிந்தும் அவ்விடத்திற்கு வந்து சேரவில்லை. இதை நினைக்க நமக்கு வெட்கமாயிருக்கிறது.

முதற்கூறாகிய நோயுற்றவனைப்பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்ப்போம். நாம் வக்கீல் தொழில் நடத்தியவர்கள். சாட்சிக் கூண்டில் நிற்கும் குடியானவன் தமிழிற் சொல்வது இங்கிலீஷில் பதிவாகும்போது அதன் உயிர் எவ்வளவு வற்றிப்போகிறது என்பதைக் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஆஸ்பத்திரியில் நோயாளியின் ‘கேஸ் ஷீட்டு’க்கும் அதே கதி நேர்கிறது. “புருஷன் வேலை போனதிலிருந்து நெஞ்சு படபடன்னு அடிக்குது” என்று ஒருத்தி சொன்னால், ‘படபடப்பு’ என்ற நோய்க்குறி மாத்திரம் காகிதத்தில் ஏறுகிறது. புருஷனும் வேலையும் வெளியே தள்ளப்படுகின்றனர்.

2008-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு முக்கியமான தீர்ப்பு அளித்தது. ஒரு பெண்மணி நோயை அறிவதற்கான சோதனைக்கு மட்டும் சம்மதித்திருந்தார். அவர் மயக்க மருந்தின்கீழ்க் கிடக்கையில், வெளியே இருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. உயிருக்கு உடனடி ஆபத்தில்லாதபோது, வயதுவந்த நோயாளியின் சம்மதத்திற்குப் பதிலாகப் பிறர் சம்மதம் நில்லாது என்றும், சோதனைக்குத் தந்த சம்மதம் அறுவைக்குத் தந்த சம்மதம் ஆகாது என்றும், நோயாளி விஷயத்தை அறிந்து முடிவு செய்யத்தக்க அளவு டாக்டர் எடுத்துரைக்க வேண்டும் என்றும் நியாயாதிபதிகள் விதித்தார்கள். இந்தத் தீர்ப்பை நமது ஆஸ்பத்திரிகள் எப்படி நிறைவேற்றுகின்றன? காகிதத்தில் கையெழுத்து வாங்குவதால். அக்காகிதம் இங்கிலீஷில் இருந்தால் என்ன, பண்டிதத் தமிழில் இருந்தால் என்ன? விளங்காமல் இட்ட கையெழுத்து சம்மதம் அன்று. விளங்கச் சொல்வது ஒரு கலை. அதனைக் கற்பிக்கும் வகுப்பு எங்கே?

நான்காங்கூறாகிய அருகிருப்பவனுக்கு வருவோம். 1956-ல் சென்னையில் க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. க்ஷயரோகிகள் ஸானடோரியத்தில் மாதக்கணக்காகத் தங்கி, நல்ல ஆகாரமும் ஓய்வும் பெற்றாலன்றிப் பிழையார் என்பது அந்நாளைய கொள்கை. அந்நிலையத்தார் 193 நோயாளிகளை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினரை ஸானடோரியத்திலும் மற்றவரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரு வருஷம் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். நெருக்கடியான வீடுகளில், குறைந்த ஆகாரத்தோடு இருந்த ஏழைகளும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தனர் என்ற முடிவை 1959-ல் வெளியிட்டனர். உலக முழுவதும் க்ஷயரோகச் சிகிச்சை முறை இதனால் மாறிற்று. மருந்தின் வெற்றி இது என்பர், உண்மையே. ஆனால் அம்மருந்து வருஷம் முழுதும் தவறாமல் வயிற்றுக்குள் போக வேண்டுமே! இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவது மனித சுபாவம். ஆகையால் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள், குடும்பத்தாரோடு பேசினார்கள். கூலிக்குப் போகும் மனிதன் எந்த நேரத்தில் வீட்டிலிருப்பான், மருந்தை எங்கே வைப்பான், அயலார்க்கு ஏன் மறைப்பான் என்பதை அறியாமல் இவ்வேலை நடக்குமோ? வீட்டை அறிவதும் வைத்தியமே என்று உலகுக்குக் காட்டிய நகரம் நமது சென்னை.

அருகிருப்பவர் இல்லாமற் போனால் என்ன நேரும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி மாண்டனர். மொத்தம் 28 உயிர்கள் போயின. அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பத்தார் கொடியவர்கள் அல்லர். வேறு எங்கும் தங்கள் பேச்சைக் கேட்பாரின்றி, தர்காவின் அருளை நம்பி வந்தவர்கள். தேசத்தில் மருந்து இருந்தது. மனநோய்க்கு டாக்டர்களும் இருந்தார்கள். அந்த டாக்டருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் நடுவே ஒரு பாலம் இல்லை. அக்குடும்பத்தின் நம்பிக்கையை மூடத்தனம் என்று தள்ளாமலும், அதற்கு முற்றும் பணிந்துபோகாமலும் பேசத் தெரிந்தவர்கள் போதிய அளவில் நமக்கு இல்லை.

அத்தகையோரை ஆக்கும் முயற்சி ஒன்று நூம்பலுக்குச் சில மைல் வடகிழக்கேயே நடந்திருக்கிறது. 1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரு இளம் பெண்கள், மனங்கலங்கித் தெருவில் திரிந்த பெண்களுக்காக ‘பானியன்’ என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினர். ஆலமரம் என்பது அதன் பொருள். முகப்பேரில் அவர்கள் நடத்திய இல்லத்திற்கு ‘அடைக்கலம்’ என்று பெயர். தன் பெயரையும் ஊரையும் சொல்ல இயலாத பெண்ணொருத்தியின் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், மருந்து கொடுத்தால் மட்டும் போதாது. அவள் வாயிலிருந்து உதிரும் ஒரு தெய்வத்தின் பெயரையோ, ஓர் ஊர்ப் பேச்சின் சாயலையோ பற்றிக்கொண்டு போக வேண்டும். அனுபவத்தில் தேர்ந்த இந்த வித்தையைப் பிறர்க்கும் கற்பிக்க 2007-ல் ஒரு கல்வி நிலையத்தையும் அவர்கள் ஏற்படுத்தினர். பம்பாயின் டாட்டா சமூக விஞ்ஞான நிறுவனத்தோடு சேர்ந்து பட்டமேற்படிப்பும் நடத்தினர். சுகாதார மானிடக் கலைகள் என்ற பெயர்ப்பலகை இல்லாமலே அந்தப் படிப்பு நமது வாசலில் நடந்திருக்கிறது.

சர்க்கார் தரப்பில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. மனோபாவம், தர்ம நெறி, நோயாளியோடு பேசும் முறை ஆகியவற்றை வைத்தியப் படிப்பின் எல்லா வருஷங்களிலும் போதிக்க வேண்டுமென்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2018-ல் ஒரு திட்டம் வெளியிட்டது. 2019-ல் சேர்ந்த மாணாக்கர் முதல் அது அமலுக்கு வந்தது. தொடக்கப் பயிற்சியில் பிரதேச பாஷைக்கும் இடம் தரப்பட்டது. டில்லியில் ஒரு மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் 2009-லேயே இதற்கெனக் குழு அமைத்து, நாடகப் பயிற்சி முதலியன நடத்தினர். இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் சட்டம் எழுதுவது வேறு, அது உயிர்பெற்று நடப்பது வேறு. இப்பாடத்தைக் கற்பிக்க யார் தகுதியுடையவர்? உடற்கூறு போதிக்கும் ஆசிரியரே ஓய்வு நேரத்தில் இதனையும் படித்துக் காட்டினால், மாணாக்கர் வருகைப் பதிவுக்காக உட்கார்ந்து எழுந்து போவர். கற்பிப்போரை முதலில் கற்பிக்க வேண்டும். அதற்குப் பட்டமேற்படிப்பு வேண்டும்.

இதற்குச் சில ஆட்சேபங்கள் கூறப்படும். முதலாவது, நேரமில்லை என்பது. நமது ஆஸ்பத்திரிகளின் கூட்டத்தை நாம் அறியாதவரல்லர். இந்தியாவில் டாக்டர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரம் சராசரி ஏறத்தாழ இரண்டு நிமிஷமே என்று 2017-ல் வெளிவந்த ஓர் உலக ஆராய்ச்சி கூறுகிறது. ஆனால் 1984-ல் அமெரிக்காவில் நடந்த மற்றோர் ஆராய்ச்சியையும் கவனிக்க வேண்டும். 74 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்ததில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரி 18 வினாடியில் டாக்டர் குறுக்கிட்டது தெரிந்தது. தடையின்றிப் பேசவிடப்பட்ட சிலரோ, பெரும்பாலும் ஒரு நிமிஷத்திற்குள் முடித்துக்கொண்டனர். இரண்டரை நிமிஷத்தைத் தாண்டியவர் ஒருவருமில்லை. கேட்பதால் போகும் நேரம் சொற்பம். கேளாததால் வரும் வீண் சோதனைகளுக்கும் மறுபடி மறுபடி வரும் நடைக்கும் ஆகும் நேரமும் பணமும் எவ்வளவு என்று யார் கணக்கிட்டார்? டாக்டர்களின் தொகையைப் பெருக்க வேண்டுமென்பது மெய். அதற்காக இதனை ஒத்திப்போடலாகாது.

இரண்டாவது ஆட்சேபம், இரக்கம் பிறவிக் குணம், அதனைப் பாடமாக்க இயலாது என்பது. இரக்கத்தை ஊட்ட முடியாது என்றே வைத்துக்கொள்வோம். வார்த்தைகளைக் கற்பிக்க முடியுமன்றோ? மதமதப்பு வேறு, மரத்துப்போதல் வேறு. கிறுகிறுப்பு வேறு, தலைசுற்றல் வேறு. “வெள்ளைப்படுதல்” என்று ஒரு பெண் சொல்லும்போது சிற்சில வேளை அது உடல்நோயைக் குறிக்கும், சிற்சில வேளை சொல்லொணாத மனத்துயரையும் குறிக்கும். இவை கற்கக்கூடியவை, கற்றால் பயன் தருபவை.

மூன்றாவது ஆட்சேபம், தமிழ் டாக்டர்க்குத் தமிழ் தெரியாதா என்பது. தமிழ் தெரிந்த டாக்டரும் பாட்டியின் ‘சூட்டை’த் தவறவிட்டதை மேலே கண்டோம். பாஷை ஒன்றாயினும் வர்க்கமும் ஜாதியும் ஆண் பெண் பேதமும் குறுக்கே நிற்கின்றன. மேலும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் அதனைச் சூழ்ந்த இடங்களிலும் பிஹாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் வந்த தொழிலாளர் பலர் உழைக்கின்றனர். அவர்கள் நோயுறும்போது, தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில் ஊமைகளாய் நிற்கின்றனர். நம் பாஷைக்கு உரிமை கேட்கும் நாம், நம் ஊரில் வந்து உழைக்கும் அவர்கள் பாஷைக்குச் செவி கொடாதிருப்பது நியாயமாகாது. ஆகவே நாம் கேட்பது தமிழ்ப் பெருமைக்காக மட்டும் அன்று. தமிழ்நாட்டில் அது தமிழிலிருந்தே தொடங்க வேண்டும். தமிழோடு நின்றுவிடக் கூடாது.

என்ன செய்யலாம்? நமது யோசனைகள் இவை. சென்னைச் சர்வகலாசாலையும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் கூடி, சுகாதார மானிடக் கலைகளில் ஒரு பட்டமேற்படிப்பை ஏற்படுத்த வேண்டும். தமிழ் எம்.ஏ. படித்தவரும், நர்ஸுகளும், தொழில் நடத்தும் டாக்டர்களும் ஒரே வகுப்பில் அமர வேண்டும். தொழிலை விடாமல் படிக்க மாலை வகுப்பு வேண்டும். ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் அவ்வாறு பயின்ற ஆசிரியர் ஒருவரேனும் நியமனம் பெற வேண்டும். ஜில்லாதோறும் நோயாளிகள் வழங்கும் சொற்களைத் தொகுத்து அகராதி வெளியிட வேண்டும். அதற்குப் பூந்தமல்லி வட்டாரமே நல்ல தொடக்கமாகும். பரீட்சையைக் காகிதத்தில் வையாமல், நோயாளியின் கட்டிலருகே வைக்க வேண்டும். சம்மதப் பத்திரம் பேச்சுத் தமிழில் அமைய வேண்டும். நோயாளி தாம் விளங்கிக்கொண்டதைத் தம் வாயாற் சொன்ன பிறகே கையெழுத்து வாங்க வேண்டும்.

இவற்றிற் பெரும்பாலானவற்றிற்குப் பெரும்பணம் தேவையில்லை. தேவையானது ஜனங்களின் வற்புறுத்தல். புதிய மருத்துவக் கல்லூரி வேண்டும், புதிய கட்டடம் வேண்டும், புதிய யந்திரம் வேண்டும் என்று மேடைதோறும் தீர்மானம் நிறைவேற்றுகிறோம், அவை வேண்டியனவே. அடுத்த தடவை தீர்மானம் எழுதும் நண்பர்கள் இதனையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். சட்டசபை அங்கத்தினரும் நகரசபை அங்கத்தினரும் வோட்டுக் கேட்டு வீட்டு வாசலுக்கு வரும்போது, ஆஸ்பத்திரியில் தன் பேச்சை யாரும் கேட்கவில்லை என்று நூம்பல் பாட்டி சொல்வாளாயின், அதனைப் பெரியதோர் அரசியல் கேள்வியாக எழுப்புவது நமது தேச ஊழியர்களின் கடமை.